தேவ்லாலி ஆசிரியரின் எண்கள்

முலுண்டிலிருந்து கல்யாண் நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறினால், அடுத்த நிலையம் தாணே. மேலும் சென்றால் டோம்பிவிலி வரும். அதே இருப்புப்பாதை மலையேறி, நாசிக்கை அடுத்த தேவ்லாலிக்கும் செல்கிறது. கணித அறிஞர் கப்ரேகரின் வாழ்வோடு இம்மூன்று ஊர்களும் பிணைந்தவை.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் 1905ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் தகாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்த அவரைத் தந்தையே வளர்த்தார். எழுத்தராகப் பணியாற்றிய தந்தைக்குச் சோதிடத்தில் ஈடுபாடு மிகுதி. அதனை மகனுக்கும் கற்பித்தார். கணக்கிடும் பழக்கம் சிறுவனிடம் அவ்வாறு வேரூன்றியது. தாணேயில் பள்ளிக்கல்வி பெற்ற கப்ரேகர், புணேயின் ஃபெர்குசன் கல்லூரியில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். 1930 முதல் 1962 வரை தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். கணிதத்தில் மேற்பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

1, 11, 111 ஆகியவற்றின் வர்க்கங்கள் 1, 121, 12321. ஏறி இறங்கும் இத்தகைய எண்களுக்கு அவர் டெம்லோ எண்கள் எனப் பெயரிட்டார். அக்கருத்து அவருக்குத் தோன்றிய இடம் டோம்பிவிலி நிலையம். அதன் பெயரே எண்களுக்கும் ஆயிற்று.

அவரது புகழ்பெற்ற கண்டுபிடிப்பு 1946இல் நிகழ்ந்தது. எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்க. இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். விடையையும் அவ்வாறே செய்ய வேண்டும். கப்ரேகர் பணியில் சேர்ந்த 1930ஐயே எடுத்துக்கொள்வோம்: 9310 – 0139 = 9171; 9711 – 1179 = 8532; 8532 – 2358 = 6174. இதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174 மாறுவதில்லை. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இவ்விடமே வந்து சேரும். 1949இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் இதனை அவர் அறிவித்தார்.

எனினும் கணித அறிஞர் பலர் அவருடைய ஆய்வுகளை அற்பமானவை என நகைத்தனர். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 6174 என்பது நாம் பத்தை அடிமானமாகக் கொண்டு எழுதுவதால் கிடைப்பது. அடிமானம் மாறினால் விடையும் மாறும். ஆனால், அம்மாற்றத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. மூன்றிலக்க எண்களில் இதே முறை 495இல் முடிகிறது. எட்டு அடிமான முறையில் 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களே உண்டு. 7ஐ அடுத்து வருவது 10. அங்கே விடை 374. ஆறு அடிமானத்தில் 253. மூன்றிலும் நடுவில் நிற்பது அம்முறையின் மிகப்பெரிய இலக்கம். ஓரங்களின் கூட்டுத்தொகையும் அதுவே. பத்துக்கு மட்டும் உரிய வேடிக்கை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

ஓய்வு பெற்றபின் கிடைத்த ஓய்வூதியம் போதவில்லை. 1966இல் மனைவியும் மறைந்தார். கணிதமும் அறிவியலும் தனிப்பயிற்சியாகக் கற்பித்தே அவர் காலம் கழித்தார். 1975 மார்ச்சு மாதம் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் தாம் எழுதிவந்த பகுதியில் கப்ரேகரைப் பற்றி எழுதினார். அதன்பின்னரே உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1986இல் அவர் காலமானார்.