தாய்மாரின் மருத்துவர் மேரி இரட்ணம்

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பழைய மாணவிகள் சங்கத்தினர் கேட்டபோது, தீவகத்துக் கல்விமான் ஒருவரைப் பற்றி எழுதுவதாகவே எண்ணியிருந்தோம். அந்த வாரம் நெடுந்தீவில் தாய்மார் கிளினிக் நடந்தது. இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த ஓர் இளம் தாயின் எடை, முந்திய மாதத்திலிருந்து அசையவே இல்லை. திரிபோசா ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தோம். மூத்தவனுக்கும் மச்சாளின் பிள்ளைகளுக்கும் பின்னேரத்தில் குழைத்துக் கொடுத்தால் ஒரு கிழமையில் முடிந்துவிடுகிறது என்று, எதையும் மறைக்காமல் சொன்னார். அதில் குற்றம் ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. எமக்கும் அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகில் இருந்தபோது, இதே சிக்கலை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கையிலெடுத்த ஒரு பெண் மருத்துவர் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தோம்.

மேரி ஐர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கிராண்ட் ஆற்றங்கரையிலுள்ள எலோரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். இன்று ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது சகோதரிகள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் போய்வரும் ஊர்தான் அது. பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலர் விரும்பாத அக்காலத்தில் அவர் ரொறன்ரோவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றார். கடல் கடந்து சென்று பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் செய்வதே அவரது விருப்பம். அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி செய்யத் தெரிந்தெடுத்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டத் தயங்கி, வீட்டிலேயே நோயோடு கிடந்த காலம் அது. இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மிஷன் மருத்துவமனை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணம் வருவதற்கு முன் அவரது வாழ்க்கை வேறு திசையிற் திரும்பியது. அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரட்ணம் அவர்களை 1896 இல் நியூயோர்க்கில் மணம் முடித்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சுதேசி ஒருவரை மணந்ததை மிஷனைச் சேர்ந்தவர்களால் ஏற்க முடியவில்லை. மனிதர் எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று போதித்தவர்களே, அந்தத் தம்பதியைத் தமது பணியிற் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கென்று படித்துவந்த மருத்துவர் இவ்வாறு யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்காமற் போனார். அந்த இழப்பை அனுபவித்தவர்கள் எமது பாட்டிமாரின் தாய்மார்.

இருபத்து மூன்று வயதில் முன்பின் தெரியாத நாட்டுக்கு வந்து, வாக்களித்த வேலையும் இல்லாமல் நின்ற அவர், ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் மருத்துவமனையிற் சிறிது காலம் கடமையாற்றினார். பின்னர் தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார். கணவரின் நாட்டையே தமது நாடாகக் கொண்டார். ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் இந்த மண்ணிலேயே வாழ்ந்தார்.

வைத்திய அறையில் அவர் கண்டவற்றை இன்றும் நாம் எல்லோரும் காண்கிறோம். இரத்தம் வற்றிப்போன தாய், எடை குறைந்த குழந்தை, முதற் பிள்ளை நடக்கு முன்னரே வயிற்றில் அடுத்தது. மருந்து எழுதிக் கொடுக்கலாம். மருந்தால் மட்டும் மாறக்கூடிய நோய் இதுவல்ல என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். வீட்டிலே அகப்பை பிடிப்பவள் பெண். சட்டியின் அடியில் மிஞ்சியதை உண்பவளும் அவளே. அவளுக்கு அறிவும் துணையும் கையிற் சிறிது காசும் கிடைத்தாலன்றி அவளது உடம்பு தேறாது. இதன் பிறகு மருத்துவர் இரட்ணத்தின் வேலை வைத்திய அறைக்கு வெளியேயும் பரந்தது.

1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கம், 1909 இல் கொழும்பில் தமிழ் மகளிர் சங்கம் எனப் பெண்களைக் கூட்டும் அமைப்புகளின் தொடக்கத்தில் அவர் நின்றார். கலாலயம் என்ற பெயரில் இசையும் நடனமும் வளர்த்துவரும் சங்கம் இந்தத் தமிழ் மகளிர் சங்கமே. பாடசாலைகளுக்கென்று சுகாதாரக் கைநூலும் இல்லப் பணிகள் பற்றிய கைநூலும் எழுதினார். நாளைய தாய் இன்று வகுப்பறையில் இருக்கிறாள் என்ற கணக்கை அவர் சரியாகப் போட்டிருந்தார். 1927 இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு எழுந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் அவரும் முன்னணியில் நின்றார். 1931 ஆம் ஆண்டு இலங்கைப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்களித்தார்கள். வாக்குச்சீட்டுக்கும் பிள்ளையின் பாலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தாய்க்கு வாக்கு இருக்கும் நாட்டில்தான் தாய்க்கான உணவு அரசாங்கத்தின் கணக்கேட்டில் ஏறுகிறது.

அவரது பணிகளுள் மிகப் பெரியது 1930 இல் தொடங்கிய லங்கா மகிளா சமித்தி. அதன் வித்து அவரது பிறந்த மாகாணத்திலிருந்து வந்தது. ஒன்ராறியோவில் அடலேட் ஹூட்லெஸ் என்னும் தாய் தமது கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பாலே அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். இன்னொரு தாய்க்கு அறியாமையால் இந்தத் துன்பம் வரக்கூடாது என்று எண்ணிய அவர், இன்று ஹமில்டன் நகரைச் சேர்ந்துள்ள ஸ்டோனி கிறீக்கில் 1897 இல் கிராமத்துப் பெண்களைக் கூட்டி முதலாவது பெண்கள் நிலையத்தை ஆரம்பித்தார். மேரி இரட்ணம் நாட்டை விட்டு வந்த மறு ஆண்டு அது. அந்த முறையை அவர் இலங்கைக் கிராமத்துக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டார். அயலிலுள்ள பெண்கள் ஓரிடத்திற் கூடினார்கள். சத்துள்ள சமையல், கைக்குழந்தைப் பராமரிப்பு, வீட்டுத் தோட்டம், தையல், நெசவு, வாசிப்பு எல்லாவற்றையும் கற்றார்கள். மேலிருந்து ஒருவர் வந்து புத்தி சொல்லிப் போவதை விட, பெண்கள் தாங்களே கூடி, தங்கள் குறையைத் தாங்களே எடுத்துப் பேசுவது பலன் தரும் என்பது அவரது நம்பிக்கை.

1937 இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டித் தொகுதியிலிருந்து தெரிவாகி, அச்சபையின் முதற் பெண் உறுப்பினரானார். சட்ட நுணுக்கம் ஒன்றினால் அந்தப் பதவி நீடிக்கவில்லை. பிள்ளைப் பேறுகளுக்கிடையே தாய்க்கு இடைவெளி வேண்டும் என்று அவர் குடும்பத் திட்டமிடல் நிலையம் நடத்தியபோது பலத்த கண்டனம் எழுந்தது. அதற்காக அவர் தமது கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1958 இல், எண்பத்தைந்தாவது வயதில், பொதுச்சேவைக்கான மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே அரசாங்கமும் தாய் சேய் நலத்தைத் தன் கடமையாக ஏற்கத் தொடங்கியிருந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது என்ற ஒழுங்கு அங்கேதான் வேரூன்றியது. நெடுந்தீவின் கல்வேலிகளுக்கிடையே துவிச்சக்கர வண்டியிற் போகும் எமது குடும்பநல உத்தியோகத்தர் அந்த ஒழுங்கின் வழியில் வந்தவர்.

உணவு உதவி அதற்குப் பின் வந்தது. 1973 இல் கெயார் நிறுவனத்தினதும் அமெரிக்க உதவியினதும் துணையுடன் திரிபோசாத் திட்டம் ஆரம்பமாயிற்று. சக்தி, புரதம், நுண்சத்து என்ற மூன்று போசணைகளைக் குறிப்பதே அந்தப் பெயர். பின்னர் சோளமும் சோயாவும் கலந்து உள்ளூரிலேயே தயாரித்தார்கள். 750 கிராம் கொண்ட ஒரு பொதி, நாளுக்கு 50 கிராம் வீதம் பதினைந்து நாட்களுக்குப் போதும். மாதம் இரண்டு பொதிகள் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 இல் கர்ப்பிணிகளுக்கு மாதம் 2000 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குப் போசாக்குக் கொடுப்பனவும் வந்தது. பின்னர் அத்தொகை கூட்டப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியிற் சோளம் கிடைக்காமல் திரிபோசா உற்பத்தி தடைப்பட்ட மாதங்களில், வெறுங்கையோடு திரும்பிய தாய்மாரின் முகத்தை எம்மால் மறக்க முடியாது.

இத்தகைய உதவி ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பெண்கள், கைக்குழந்தைகள், சிறுவர்களுக்கான உணவுத் திட்டம் 1970களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. கனடாவில் 1995 முதல் கர்ப்பிணிகளுக்கான போசாக்குத் திட்டம் உண்டு. பிரித்தானியாவில் 2006 முதல் ஹெல்தி ஸ்டார்ட் உண்டு. அகதியாகப் போய் இறங்கிய ஆண்டுகளில் எமது சகோதரிகளுட் சிலர் அந்த வாசல்களிலும் நின்றிருப்பார்கள். அதிலே வெட்கப்பட எதுவும் இல்லை. கருவில் தொடங்கி இரண்டு வயது முடியும்வரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுதாக மீட்பது கடினம். ஆகையால் அந்த நாட்களில் தாய்க்குக் கொடுக்கும் உணவை எந்த நாடும் செலவாகக் கருதலாகாது.

ஆனாலும் பொதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் தாயின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததாகாது. எமது தீவுகளில் இதுவே மெய்யான சிக்கல். கணவர் கடலுக்குப் போகாத சோளகக் காற்றுக் காலத்தில் அந்த இரண்டு பொதிகள்தான் வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னேரத் தீன். தாய் தனக்கென்று எடுத்து வைத்து உண்பது எமது வழக்கத்தில் இல்லை. அரசாங்கத்தால் பொதியை அனுப்ப முடியும். அடுப்படிப் பழக்கத்தை மாற்ற முடியாது. மேரி இரட்ணம் கிராமத்துப் பெண்களைக் கூட்டியதன் தேவை இன்னும் தீரவில்லை என்று நாம் சொல்வது இதனாலேயே.

அந்தப் படகுப் பயணத்துக்குப் பின் அடுத்த கிளினிக்குக்கு மாமியார்மாரையும் அழைத்து வரச் சொன்னோம். ஒன்பது பேர் வந்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர் திரிபோசாவைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்துக் காட்டினார். முருங்கையிலையையும் சிறுமீனையும் ஒடியற் கூழையும் பால்சுறாவையும் பற்றி மாமியார்மாரே பேசத் தொடங்கினார்கள். அவர்களிடமிருந்து நாமும் சில கற்றுக்கொண்டோம். மூத்த பிள்ளைகளுக்கு வேறு என்ன செய்து கொடுக்கலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். எடை கூடாமல் இருந்த அந்தத் தாயின் மாமியார், பொதியைத் தம்முடைய பெட்டகத்தில் வைத்து நாளுக்கு நாள் எடுத்துக் கொடுப்பதாகப் பொறுப்பேற்றார். மறு மாதம் அத்தாயின் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடப்பெயர்வினால் எமது வகுப்பு நாலா திசையும் சிதறியது. இன்று இம்மலரைக் கையிலெடுக்கும் சகோதரிகள் எத்தனையோ நாடுகளில் இருக்கிறீர்கள். பாடசாலைக்கு எதைச் செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். கட்டடங்களோடு இதையும் எண்ணிப் பாருங்கள். தீவுக்கு ஒரு தாய்மார் வட்டம் மாதம் ஒருமுறை கூடுவதற்கு ஓர் இடமும், சமைத்துக் காட்டப் பொருட்களும், தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பயணச் செலவும் போதும். மேல் வகுப்பு மாணவிகள் அங்கே உதவிக்கு வரட்டும். ஒன்ராறியோவிற் பிறந்த ஒரு பெண் எமது தாய்மாருக்கென்று புறப்பட்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. அதே ஒன்ராறியோவில் இன்று எம்மவர் பலர் வாழ்கிறார்கள். அவர் செய்ய வந்த வேலையின் ஒரு சிறு பங்கையேனும் இந்த நூற்றாண்டு ஆண்டில் நாம் தொடங்கலாம். விருப்பமுள்ளவர்கள் சங்கத்தின் செயலாளருக்கு எழுதுங்கள். அடுத்த கிளினிக் வழமைபோல் நடைபெறும். ஊருக்கு வந்திருந்தால் எம்முடன் படகேறுங்கள்.