தபால் பையோடு பறந்த ஜே.ஆர்.டி. டாட்டா

எங்க அம்மா போடியிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறாங்க. போடிமெட்டு கண்ணுக்கு முன்னாடி தெரியும். ஆனா 17 கொண்டை ஊசி வளைவு ஏறணும். தூரம் வேற, நேரம் வேற. அந்த நேரத்தைக் குறைத்தவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜே.ஆர்.டி. டாட்டா 1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். சிறு வயதிலேயே விமானத்தின் மேல் ஆசை. 1929-ல் இந்தியாவில் வழங்கிய முதல் விமானி உரிமம் இவருக்குத்தான்.

1932 அக்டோபர் 15 காலை, கராச்சியிலிருந்து தபால் பையோடு தன்னந்தனியாகக் கிளம்பினார். சின்ன விமானம், ஒரே இன்ஜின். மணிக்குச் சுமார் 160 கி.மீ. வேகம்தான். வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்ததாம்! மதியமே பம்பாய் சேர்ந்துவிட்டார். நண்பர் நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை பெல்லாரி வழியாக மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

அந்தச் சின்னக் கம்பெனிதான் பிறகு ஏர் இந்தியா ஆனது. 1948-ல் லண்டன் வரைக்கும் பறந்தது. 1982-ல், 78 வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் மறுபடியும் தனியாக ஓட்டிக் காட்டினார். 1992-ல் பாரத ரத்னா பெற்றார். 1993 நவம்பர் 29-ல் காலமானார்.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரு வரும். அன்னைக்குத் தபாலுக்குக் காத்திருந்தவங்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? தூரத்தை யாராலும் குறைக்க முடியாது தோழிகளே. காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கலாம்.