தீப்பொறியைக் கட்டிப்போட்டவர்!



மாலையில் அப்பா மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்புகிறார். அதுவரை படபடவென்று ஓடிய என்ஜின் சட்டென்று அடங்கிவிடுகிறது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. சுற்றிலும் காற்று இருக்கிறது. பிறகு ஏன் என்ஜின் நின்றது? என்றாவது யோசித்தது உண்டா?

என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். அந்தக் கலவை எரிய ஒரு சின்னஞ்சிறு தீப்பொறி வேண்டும். சாவியைத் திருப்பியதும் அந்தப் பொறி நின்றுபோகிறது. பொறி இல்லையென்றால் எரிதல் இல்லை. எரிதல் இல்லையென்றால் ஓட்டம் இல்லை. நினைத்தபோது வரவும், வேண்டாதபோது நிற்கவும் அந்தப் பொறியைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ராபர்ட் பாஷ். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

தென் ஜெர்மனியில் உல்ம் நகருக்கு அருகே ஆல்பெக் என்று ஒரு கிராமம். அங்கே 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ம் தேதி ராபர்ட் பிறந்தார். வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள். அவர் 11-வது பிள்ளை. அப்பா விவசாயம் பார்த்தார். ஒரு சத்திரமும் நடத்தினார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராபர்ட், நுண்கருவிகள் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்த மனிதரோ பையன்களுக்குச் சரியாகக் கற்றுத்தரவில்லை. அந்த மனக்குறை ராபர்ட்டுக்கு நெடுநாள் இருந்தது. பிற்காலத்தில், 1913-ல், தன் தொழிற்சாலையில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பயிற்சிக்கூடம் அமைத்தார். தனக்குக் கிடைக்காததை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்!

வேலை கற்றபின் பல ஊர்களில் உழைத்தார். 1884-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். மின்விளக்குப் புகழ் எடிசனின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்திலும் சிறிது காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

1886 நவம்பர் 15-ம் தேதி ஸ்டுட்கார்ட் நகரில் சிறிய பட்டறை ஒன்றைத் திறந்தார். உதவிக்கு ஒரு மெக்கானிக், வெளிவேலைக்கு ஒரு பையன். அவ்வளவுதான்! டெலிபோன் பொருத்துவது, மின்சார மணி அமைப்பது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் என்ஜினுக்குள் எப்படித் தீ மூட்டினார்கள் தெரியுமா? 1885-ல் அதே ஸ்டுட்கார்ட் பக்கத்தில் காட்லீப் டெய்ம்லர் என்பவர் பெட்ரோலில் ஓடும் இருசக்கர வண்டி ஒன்றைச் செய்திருந்தார். அதில் ஒரு சிறு குழாயை வெளியிலிருந்து விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சுவார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கலவை பற்றிக்கொள்ளும். உட்காரும் இடத்துக்குக் கீழேயே சுடர் எரிந்துகொண்டிருக்கும்! டெய்ம்லரின் மகன் அதை ஓட்டிச் சென்றபோது இருக்கையே தீப்பற்றிக்கொண்டதாம். சாவியைத் திருப்பி நிறுத்தும் வசதி எல்லாம் அதில் கிடையாது.

1887-ல் பாஷிடம் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ஒரே இடத்தில் நின்று ஓடும் என்ஜினுக்கு மின்சாரத்தால் பொறி உண்டாக்கும் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதன் பெயர் மேக்னெட்டோ. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளை அசைத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று அறிவியல் பாடத்தில் படிப்பீர்கள் அல்லவா? அதுதான் மேக்னெட்டோ. பேட்டரியே வேண்டாம்.

அப்படிப்பட்ட கருவி ஒன்று ஏற்கெனவே வேறோர் ஊரில் இருந்தது. பாஷ் அங்கே போய் அதை நேரில் பார்த்தார். அதற்குக் காப்புரிமை ஏதும் இருக்கிறதா என்றும் விசாரித்தார். இல்லை. அதன் பிறகே அதைவிடச் சிறப்பாக ஒன்றைச் செய்து கொடுத்தார்.

ஆனாலும் பணக்கஷ்டம் தீரவில்லை. ஒரு சமயம் வேலையாட்களையே குறைக்க வேண்டி வந்தது. குடும்பத்தார் கைகொடுத்ததால் பட்டறை பிழைத்தது.

1897-ல் ஒரு பெரிய சோதனை வந்தது. பிரெடெரிக் சிம்ஸ் என்ற தொழிலதிபர், பிரான்ஸில் செய்யப்பட்ட மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றுக்கு மேக்னெட்டோ பொருத்தித் தரச் சொன்னார். அந்த என்ஜின் நிமிடத்துக்கு 1800 முறை சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 900 பொறிகள். அதாவது ஒரு நொடிக்கு 15! பாஷின் கருவியில் கனமான கம்பிச்சுருள் இப்படியும் அப்படியும் ஆட வேண்டியிருந்தது. அதனால் அவ்வளவு வேகம் முடியவில்லை.

பட்டறையின் மேற்பார்வையாளர் அர்னால்ட் சேரிங்கர் ஒரு வழி கண்டார். கனமான சுருளை அசையாமல் வைத்துவிட்டு, அதைச் சுற்றி லேசான உலோக உறை ஒன்றை மட்டும் அசையச் செய்தார். வெற்றி! அதன் பிறகு 1902-ல் காட்லோப் ஹோனால்ட் என்ற பொறியாளர், அதிக மின்னழுத்தம் தரும் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். இவை பாஷ் தனியாகச் செய்தவை அல்ல. திறமைசாலிகளைத் தேடிச் சேர்த்து, அவர்களுக்கு இடம் கொடுத்ததுதான் அவருடைய பெருமை.

இந்தப் பொறியை நிறுத்துவது மிக எளிது. மேக்னெட்டோவிலிருந்து ஒரு கம்பியை ஸ்விட்ச் வழியாக என்ஜினின் உலோக உடம்போடு சேர்த்துவிட்டால் போதும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எர்த் ஆகிவிடும். பொறி வராது, என்ஜின் நின்றுவிடும். விளக்கை ஊதி அணைக்கும் வேலை ஒழிந்தது! இன்றைய புதிய வண்டிகளில் பொறியோடு பெட்ரோல் வருவதையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள்.

மேக்னெட்டோ உலகமெங்கும் விற்றது. 1906-ல் 1,00,000-வது கருவி தயாரானது. அதே ஆண்டில் பாஷ் ஒரு புதுமை செய்தார். பல ஆலைகளில் தொழிலாளர்கள் 10 மணி நேரம் உழைத்த காலம் அது. பாஷ் தன் ஆலையில் 8 மணி நேரம் போதும் என்று அறிவித்தார். இரண்டு ஷிஃப்ட் நடத்த முடிந்ததால் ஆலைக்கும் லாபமே. என்ஜினை ஓட்டத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும். மனிதனின் உழைப்பும் அப்படித்தான் அல்லவா?

1940-ல் ஸ்டுட்கார்ட்டில் அவர் கொடுத்த நிதியில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அது ஹிட்லரின் ஆட்சிக்காலம். அந்த ஆட்சி பாஷுக்குப் பிடிக்கவில்லை. துன்புறுத்தப்பட்ட யூதர்கள் சிலருக்கு உதவினார். ஆனால் போர்க்காலத்தில் அவருடைய ஆலைகளிலும் மக்கள் கட்டாய வேலை வாங்கப்பட்டார்கள். அந்த வருத்தமான உண்மையையும் நாம் மறக்கக் கூடாது. 1942 மார்ச் 12-ம் தேதி, 80-வது வயதில் பாஷ் காலமானார்.

நம் நாட்டிலும் பாஷ் நிறுவனத்தின் தொடர்போடு 1951-ல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கியது. மைக்கோ பிளக் என்றால் பழைய மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும். 2008-ல் அதன் பெயரே பாஷ் என்று மாறியது. அந்த நிறுவனத்தின் சின்னத்தைக் கவனியுங்கள். வட்டத்துக்குள் இருப்பது மேக்னெட்டோவின் உள்பாகம்தான். அதை 1918-ல் வரைந்தவரும் ஹோனால்ட்தான்!

சரி, வண்டியை நிறுத்தும் நல்ல முறை எது? வண்டி முழுதாக நின்றதும் நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் விட்டு, என்ஜின் சில நொடி மெதுவாக ஓடியபின் சாவியைத் திருப்ப வேண்டும். வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு ஸ்விட்ச் ஆபத்துக்கு உதவுவது. வண்டி சாய்ந்து விழுந்தால் சாவியைத் தேடாமல் உடனே அணைக்கலாம். அதை அழுத்தி நிறுத்திவிட்டுச் சாவியை மறந்தால் விளக்கு எரிந்து பேட்டரி தீர்ந்துபோகும். பெட்ரோல் குழாயைத் திருகி மூடும் பழைய வண்டியானால் அதையும் மூடுவது நல்லது.

இதையெல்லாம் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அப்பா, அம்மா செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். சைலன்ஸர் சுடும், தொடாதீர்கள்! சாவி திரும்பி என்ஜின் அடங்கும்போது, உள்ளே ஒரு பொறி நின்றது என்று வீட்டில் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?