நிறுத்தக்குறியும் நாவலர் பெருமானும்

நல்லை நகர் தந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் 1822 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 18 ஆம் திகதி கந்தர், சிவகாமி தம்பதியினருக்கு மகனாக அவதரித்தார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பார்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவியவரும் இவரே. அச்சிட்ட எழுத்தின் வலிமையை அவர் கண்டுகொண்டது அக்காலத்திலேதான்.

அந்நாளில் நம் சமய நூல்கள் பெரும்பாலும் ஏட்டிலே கிடந்தன. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியில்லை. வாக்கியம் முடியும் இடமும் தெரியாது. குருவின் வாய்மொழி கேட்டவர்க்கே அந்த ஏடு விளங்கும். மற்றவர் நிலை என்ன? சைவப் பிள்ளைகள் பலர் மிசன் பாடசாலைக்குப் போயினர். அங்கே கிடைத்தது பிறசமயப் போதனை.

1847 மார்கழி 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பெருமான் தமது பிரசங்கங்களைத் தொடங்கினார். மறு ஆண்டு மிசன் உத்தியோகத்தைத் துறந்து, அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் அளித்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் அச்சியந்திரமும் வாங்கப்பட்டது.

பாலபாடம், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம், பெரியபுராண வசனம் என நூல்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளைகளும் வாசித்து விளங்கும்படி சந்தி பிரித்து, காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி இட்டு அச்சிட்டார். மேனாட்டார் வழக்கிலிருந்து வந்த குறிகள்தாம். ஆயினும் தமிழ் வசனத்தில் அவற்றை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் அவரே. பிறசமயத்தாரின் கருவியைக் கைக்கொள்ள அவர் கூசவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தியே பதிப்பித்தார். நாவலர் பதிப்பு என்றால் பிழையிராது என்ற நம்பிக்கை புலவரிடையே ஏற்பட்டது.

இன்று தெருவோரப் பலகைகளையும் திருவிழா விளம்பரங்களையும் பார்ப்போர்க்கு அந்த உழைப்பின் அருமை புரியும். வேலை கொடு என்றால் தொழில் கேட்பது; வேலைக் கொடு என்றால் முருகன் கைவேலையே கேட்பதாகும். ஓர் ஒற்று செய்யும் வேலை அது! முற்றுப்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், வரலாம் என்பது யாருக்கு, வரக்கூடாது என்பது யாருக்கு என்று வாசலில் நின்று மயங்கவேண்டியதுதான்.

1864 இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. 1872 இல் சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமல் ஆங்கிலம் கற்க வண்ணார்பண்ணையில் ஒரு பாடசாலை தொடங்கினார். பொருள் போதாமையால் அது நீடிக்கவில்லை. சைவச் செல்வர்கள் நிறைந்த ஊரிலே அது மூடப்பட்டதென்பது வருந்தத்தக்கதே.

1877 இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். இல்லறம் புகாது, சைவமும் தமிழும் கல்வியுமே தம் வாழ்வாகக் கொண்ட பெருமான், 1879 மார்கழி 5 ஆம் திகதி, தமிழுக்குக் கார்த்திகை மாத மக நட்சத்திரத்திலே, தமது 56 ஆவது வயதில் சிவபதமெய்தினார். அந்நாளிலேயே அவரது குருபூசை நடைபெற்று வருகின்றது.