ஒஸ்கார் ஃபிஷிங்கர்

ஒஸ்கார் ஃபிஷிங்கர் (ஜூன் 22, 1900 – ஜனவரி 31, 1967) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயங்குபடக் கலைஞரும் ஓவியரும் ஆவார். இசைக்கேற்ப வடிவங்கள் அசையும் அருவப் படங்களுக்காக இவர் அறியப்படுகிறார். பழைய படச்சுருள்களைச் சேகரிப்போர் இவரது இசை விளம்பரங்களையும் விரும்பித் தேடுகின்றனர்.

தொடக்க காலம்

கெல்ன்ஹவுசன் நகரில் பிறந்த இவர், ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிலில் பயிற்சி பெற்றுப் பின்னர் பொறியியல் கற்றார். 1927 இல் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு, வழிநெடுகப் படமெடுத்தபடி நடந்தே சென்றார். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய நிலவுப் பயணப் படமொன்றில் பணியாற்றியபோது இவருக்குக் கணுக்கால் முறிந்தது. மருத்துவமனையில் இருந்தபடியே கரித்துண்டால் வரையத் தொடங்கினார். 'ஸ்டூடி' என்னும் இப்பட வரிசையின் சில படங்கள் இசைத்தட்டுகளுடன் இணைத்துத் திரையிடப்பட்டன. முடிவில் இசைத்தட்டின் விபரமும் காட்டப்பட்டது. இவற்றை இன்றைய இசைக் காணொளிகளின் முன்னோடி எனலாம்.

விளம்பரப் படங்கள்

1933 இல் ஆட்சிக்கு வந்த நாட்சிகள் அருவக் கலையைச் சீரழிந்த கலை என வெறுத்தனர். அதனைத் தொடர இவருக்கு விளம்பரமே வழியாயிற்று. டோலிராக் என்னும் விளம்பர நிறுவனத்துக்கெனச் செய்த 'கிரைஸ' (1933–34) படத்தில் வண்ண வட்டங்கள் இசையோடு சுழல்கின்றன. நிறுவனம் எல்லா வட்டங்களையும் சென்றடைகிறது என்னும் வாசகம் இறுதியில் மட்டும் வருகிறது. தமிழில் போலவே ஜெர்மனிலும் 'வட்டம்' மக்கள் குழுவையும் குறிக்கும். விளம்பரம் என்பதால் தணிக்கை தடுக்கவில்லை. விளம்பர வாசகம் நீக்கப்பட்ட வடிவமும் இப்படத்துக்கு உண்டு. சேகரிப்பாளர்களுக்கு வாசகம் உள்ள வடிவமே முக்கியமானது. படம் எவ்வாறு தப்பியது என்பதற்கு அதுவே சான்று.

முராட்டி சிகரெட்டுக்கான விளம்பரம் (1934) இன்னும் புகழ்பெற்றது. சிகரெட்டுகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி, பாலே இசைக்கு அணிவகுத்து ஆட வைத்தார். மூன்று வண்ண காஸ்பர்கலர் முறையில் இது உருவானது.

அமெரிக்காவில்

1936 இல் பாரமவுண்ட் நிறுவன அழைப்பின் பேரில் ஹாலிவுட் சென்றார். டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' (1940) படத்தில் பாக் இசைப் பகுதிக்கு வடிவங்கள் அமைத்தார். அவை மாற்றப்பட்டதால் விலகினார்; படத்தில் இவர் பெயர் இடம்பெறவில்லை. பாக் இசைக்கே 1947 இல் முடித்த 'மோஷன் பெயின்டிங் எண் 1' பிரசெல்சில் 1949 இல் பெரும்பரிசு பெற்றது. ஆயினும் அடுத்த படங்களுக்குப் பொருளுதவி கிட்டவில்லை. 1952 இல் மன்ட்ஸ் தொலைக்காட்சிப் பெட்டிக்காக மீண்டும் விளம்பரம் செய்தார். லாஸ் ஏஞ்சலசில் இவர் காலமான பின், மனைவி எல்ஃப்ரீட இவரது படச்சுருள்களைப் பாதுகாத்து வந்தார்.