வெண்பனியை நம்பாத மேதை

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்கு வழி வகுத்த முன்னோடி மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த மொராவியாவில் 1856-ம் ஆண்டு பிறந்தார். ஆசிரியராக இருந்தவர், பின்னர் லிலியன்பெல்டு என்ற மலையூரில் குடியேறினார்.

நார்வேயின் நீண்ட சறுக்குக் கட்டைகள் ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவுகளுக்கு ஒத்துவரவில்லை. அவர் கட்டையைக் குட்டையாக்கினார். காலணியை இறுகப் பிணைக்க உலோகப் பூட்டு அமைத்தார். ஒற்றைக் கோலுடன் சறுக்கும் முறையைப் பலருக்கும் இலவசமாகக் கற்பித்தார்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்தின் பனிமலை ஆலோசகரானார். 1916 பிப்ரவரி 28-ந் தேதி, கார்னிக் ஆல்ப்ஸ் பகுதியில் பனியில் புதைந்தவர்களை மீட்கச் சென்றபோது, பனிச்சரிவு அவரையே அடித்துச் சென்றது. எலும்பு முறிவும் மூட்டு விலகலுமாகச் சுமார் 80 காயங்கள்; வயதோ 60. ஆயினும் மன உறுதியால் தேறி, மீண்டும் சறுக்குக் கட்டை பூட்டினார்.

பனிச்சரிவு பற்றித் தாம் அறிந்ததை 1929-ல் நூலாக வெளியிட்டார். காற்று அடித்து இறுக்கிய பனி, பார்வைக்குத் தரைபோல் உறுதியாகத் தெரியும். அடியில் உள்ள அடுக்கு பலவீனமாக இருந்தால், ஒரே ஆளின் பாரத்தில் மேற்பனி பலகைபோல் உடைந்து சரியும். மலை ஏறும் பனிச்சறுக்கு வீரர்கள் இன்றும் பனியில் குழி வெட்டி அடுக்குகளைச் சோதிப்பது இதற்காகவே.

ஸ்டார்ஸ்கி 1940-ல் காலமானார்.