கறுப்பு வெள்ளையில் காட்டைக் காட்டியவர் – மா. கிருஷ்ணன் (1912–1996)



தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் வாழ்க்கை வரலாறெல்லாம் நாம நிறையப் படிச்சிருக்கோம். ஒரு போட்டோகிராபரோட வாழ்க்கை வரலாறு படிச்சிருக்கோமா? கல்வராயன் மலை அடிவாரத்துல இருக்கிற நாம கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு தமிழரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் மா. கிருஷ்ணன். இந்தியாவில் காட்டுயிர்களைப் படம் பிடித்து, அவற்றைப் பற்றி எழுதி, அவற்றுக்காகப் பேசிய முன்னோடிகளில் ஒருவர்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா அ. மாதவையா. தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர் இவர்தான். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. அண்ணன் மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

1925-இல், சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழைப் பட்டப்படிப்பில் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசி முடித்த மாதவையா, அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயசு 13. நம்மில் பலருக்கு இப்போ இருக்கிற வயசுதான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது ஃபைசன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரின் அறிமுகம் கிடைத்தது. நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். அவரோடும் அவர் மனைவியோடும் கிருஷ்ணன் மலைகளுக்குப் போனார். செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது பேராசிரியரிடமும், தண்ணீர் வண்ணத்தில் படம் வரைவது அந்த அம்மாவிடமும் கற்றுக்கொண்டது. கேமராவைத் தொடுவதற்கு முன்னாடியே கண் பழகிவிட்டது. இது முக்கியம், நண்பர்களே. இலையை வரையணும்னா நரம்பு எப்படி ஓடுதுன்னு பார்த்தே ஆகணும், இல்லையா?

வேலையும் விடுதலையும்

சட்டமும் படித்தார், ஆனால் வக்கீலாக நிலைக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். 1937-இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். 1942-இல் பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் செயலாளர் என்று பல வேலை பார்த்தார். ஆடு மேய்த்தார், புறாவும் வளர்த்தார்! சுற்றிலும் மலை, புதர்க்காடு. அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் அதுதான்.

1949-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பி வந்தார். இங்கேதான் ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனி யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை, எழுத்தும் படமும் தரும் வருமானம் போதும் என்று தீர்மானித்தார். குடும்பஸ்தர் ஒருத்தருக்கு இது சாதாரண முடிவா, சொல்லுங்க? பறவையையும் பல்லியையும் பற்றி எழுதினால் அந்தக் காலத்தில் என்ன பெரிய பணம் வந்திருக்கும்? ஆனாலும் கடைசி வரைக்கும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

46 வருஷம் விடாத எழுத்து

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பகுதியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, 46 வருஷம்! கணக்குப் போட்டுப் பாருங்க, ஆயிரத்தைத் தாண்டும். யானையும் புலியும் மட்டும் அதில் வரவில்லை. காக்கா, அணில், ஓணான், தெரு நாய், வெள்ளாடு, வீட்டு முருங்கை மரம் எல்லாமே வந்தது. வெயில் காலத்தில் பறவை எங்கே தண்ணீர் தேடும், முதல் மழைக்கு என்ன பூச்சி வெளியே வரும் என்று பருவத்துக்குப் பருவம் கவனித்தவர் அவர். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கொண்டுவந்தார்.

கேமராவும் கறுப்பு வெள்ளையும்

கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டது கிடையாது. பழைய பாகங்களைச் சேர்த்து அவரே அமைத்துக்கொண்டது. நல்ல கனம். அதற்கு வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். அதைத் தூக்கிக்கொண்டு முதுமலை, பந்திப்பூர், பெரியாறு காடுகளில் நடந்தார், யானை மேலே ஏறியும் போனார்.

கலர் பிலிம் வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. ஏன் இது கஷ்டம் தெரியுமா? மாசியில் புரச மரம் செக்கச்செவேல்னு பூத்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் அது வெறும் சாம்பல் நிறம்தான். அப்போ கண்ணைக் கவர நிறம் உதவாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுது, நிழல் எங்கே இருக்கு, மிருகத்தின் தசையும் தோலும் எப்படித் தெரியுது என்று பார்த்துத்தான் எடுக்க முடியும். பட்டனை அமுக்கும் முன்னாடி முழுசாகப் பார்த்தே ஆகணும்.

தெரிந்துகொள்வோம்: பெரிய வகைப் பிலிம் சுருள் ஒன்றில் 8 அல்லது 12 படம்தான் எடுக்கலாம். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. இருட்டறையில் கழுவி, நெகட்டிவ் ஆக்கி, பிறகு தாளில் அச்சிட வேண்டும். ஒரு சின்ன வெளிச்சம் உள்ளே புகுந்தாலும் அத்தனையும் வீண். இன்றைக்கு நம்ம வீட்டு செல்போனில் ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுத்துவிடுகிறோம்!

படம் ஒரு சாட்சி

1968-இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நிதி அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 56. தீபகற்ப இந்தியக் காடுகளில் உள்ள பெரிய பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். அது 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக நூலாக வந்தது. எந்தக் காட்டில் எந்த விலங்கு எப்படி இருந்தது என்பதற்கு அவருடைய குறிப்பும் படமும் இன்றைக்கும் சாட்சி.

இன்னொன்றிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரு நிலத்துக்கு அந்த நிலத்தின் மரமும் செடியும்தான் சொந்தம். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டுப் பச்சையாக்குவது காட்டைக் காப்பது ஆகாது என்று விடாமல் எழுதினார். அப்போது பலருக்கு அது பிடிக்கவில்லை. இப்போ நம்ம பக்கம் தைலமரத் தோப்புக்குள்ள போய்ப் பாருங்க. கூடு எத்தனை இருக்கு? பக்கத்துல இருக்கிற ஆலமரத்துல எத்தனை இருக்கு? எண்ணிப் பார்த்தா அவர் சொன்னது புரியும்.

பத்மஸ்ரீ விருதும், 1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' கௌரவமும் அவருக்குக் கிடைத்தன. 1996 பிப்ரவரி 18-ஆம் தேதி சென்னையில் காலமானார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கடைசிக் கட்டுரையும் அதே நாளில்தான் பத்திரிகையில் வந்தது. 83 வயது வரைக்கும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 2006-இல் அவருடைய படங்களும் கட்டுரைகளும் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெரிய நூலாக வெளிவந்தன.

நம்ம மலைக்கு என்ன செய்யலாம்?

நம்ம கல்வராயன் மலைக்கு வருஷத்தில் எத்தனை முகம்! பங்குனியில் இலை உதிர்ந்து பாறை தெரியும். சித்திரையில் கொன்றை மஞ்சளாகச் சரம் தொங்கவிடும். ஆடிக்காத்துக்குப் புல்லெல்லாம் ஒரே பக்கம் சாயும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பெரியார் அருவியிலயும் மேகம் அருவியிலயும் தண்ணி கொட்டும், கோமுகி அணை நிறையும். மார்கழிக் காலையில் வெள்ளிமலைப் பக்கம் மூடுபனியில் எதிரே வர்றவங்களே தெரியாது. இதையெல்லாம் நாம பார்க்கிறோம். ஆனா அருவிக்குப் போனா அருவிக்கு முதுகைக் காட்டி நின்னு நம்ம முகத்தைத்தான் எடுக்கிறோம்!

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. ரோடு வருது, கட்டடம் வருது. நல்லதுதான். ஆனா எந்த ஓடையில் எந்த மாசம் வரைக்கும் தண்ணி ஓடுச்சு, எந்த மரம் எங்கே நின்னுச்சு என்று இருபது வருஷம் கழிச்சு யாராவது கேட்டா, காட்டுறதுக்கு நம்ம கையில் என்ன இருக்கும்? அதனால் ஒரு சின்ன யோசனை:

1. ஊரில் ஒரே ஒரு மரத்தையோ குளத்தையோ தேர்ந்தெடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் ஒரே ஒரு படம் எடுங்க. 12 மாசம்.

2. கேமரா, போன் எதுவும் இல்லையா? கவலை வேண்டாம். நோட்டில் வரைந்து, தேதி போட்டு, பார்த்ததை இரண்டு வரி எழுதுங்க. கிருஷ்ணனும் அப்படித்தான் பழகினார்.

3. கூட்டுக்குக் கிட்டே போகாதீங்க. தாய்ப்பறவை பயந்து எழுந்து போனா முட்டை வெயிலில் கெடும், காக்கா கொத்திடும். ஒரு படத்துக்காக ஒரு உயிர் போகக் கூடாது.

4. தெரியாத செடி, பறவை பெயரை மலையில் இருக்கிற தாத்தா, பாட்டிகளிடம் கேளுங்க. கடுக்காய், சாமை, தினை பத்தி அவங்களுக்குத் தெரிந்தது பல புத்தகத்தில் இல்லை.

வருஷக் கடைசியில் அந்தப் பன்னிரண்டு படங்களையும் இதே சுவர்ப் பலகையில் ஒட்டுவோம். நம்ம மலையின் ஒரு வருஷத்தை எல்லாரும் நின்னு பார்க்கட்டும்.

வாழ்க இயற்கை! வளர்க நம் மலைவளம்!